குனியக் கூடாத அறை

போன திங்கட்கிழமை தியாகராய நகரில் ஒரு புது வீட்டின் சுவரை உடைத்தேன். தரைக்குக் கீழே இருக்கும் அறையில் ஆரம்பித்து மொட்டைமாடி வரைக்கும், ஒரு சாண் அகலத்துக்கு.

சுண்ணாம்பு அடித்து இரண்டு மாதம்கூட ஆகாத சுவர். உடைக்க வேண்டும் என்று சொன்னவன் நான். உடைக்கும் நிலைமைக்குக் கொண்டுவந்தவனும் நான்தான்.

குழாய் வேலையில் தப்புச் செய்தால் சாதாரணமாக என்ன ஆகும்? தண்ணீர் ஒழுகும். சணலைச் சுற்றி, சிவப்பு ஈயம் தடவி முடுக்கினால் நின்றுவிடும். இந்தத் தப்பு ஒழுகவில்லை. கண்ணுக்கும் தெரியவில்லை. சத்தமில்லாமல் தரையில் படுத்துக்கொண்டு, யாராவது குனிய மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் ஒரு வக்கீல். சீமையில் படித்தவர். படிக்கப் போன இடத்தில் சட்டத்தோடு பீரும் பழக்கமாகிவிட்டது. இங்கே கப்பலில் வந்து இறங்கும் பீர் அவர் நாக்குக்குச் சரிப்படவில்லை. வீட்டிலேயே காய்ச்சிக்கொள்வது என்று முடிவு செய்தார்.

மதுவிலக்கு வாசகர்கள் பேனாவை எடுக்கும் முன் ஒரு வார்த்தை... அவர் சர்க்கார் அனுமதிக் காகிதம் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் வராது, முத்திரை தெரிந்தது. நான் குடிப்பவன் அல்ல. ஆனால் குடிக்கிறவர் வீட்டுக்குக் குழாய் போட மாட்டேன் என்று கிளம்பினால், சென்னையில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் வராது.

பீர் காய்ச்சும் விஷயம் எனக்குப் புரிந்த அளவில் இதுதான். முளைகட்டின பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். வடித்ததைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டுப் பீப்பாயில் ஒரு வாரம் விட வேண்டும். நுரைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் குளிர்ச்சியில் நுரைக்க வேண்டும்.

சென்னையில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? அதனால் பூமிக்குள் போனார்.

அந்தப் பேட்டை முன்பு ஏரியாக இருந்தது உங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கு மட்டும்தான் தெரியாது, தன்னை மூடிவிட்டார்கள் என்று. ஆளுயரம் தோண்டியதும் நாலு பக்கமும் மண் வியர்த்தது. கொத்தனார் சிமெண்டை இரண்டு பூச்சுப் பூசி ஒருவழியாக அடக்கினார்.

அப்புறம் என் முறை. தண்ணீரைக் கீழே கொண்டுபோவது சுலபம். முக்கால் இஞ்சுப் பைப், இரண்டு வால்வு, காய்ச்சினதை ஆற்றுவதற்கு ஒரு செம்புக் குழாய்ச் சுருள். அழுக்குத் தண்ணீரை வெளியே கொண்டுவருவதுதான் பாடு. தெருச் சாக்கடை மேலே இருக்கிறது. அறையின் தரை அதற்கும் ஐந்தடி கீழே. தண்ணீர் தானாக மேலே ஏறாது. வக்கீல் வாதாடினாலும் ஏறாது.

தரையை ஒரு மூலைக்குச் சரித்தேன். அந்த மூலையில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி. குழிக்குள் ஒரு பைப். அதன் மறுமுனை கொல்லையில் ஒரு கைப்பம்பு. அடித்தால் குழித் தண்ணீர் மேலே வந்து சாக்கடையில் விழும். குழிக்கு ஒரு பலகை மூடி. இந்த மட்டில் இன்றைக்கும் அந்த வேலையில் குற்றம் சொல்ல முடியாது.

காற்றுக்கு வருகிறேன்.

“மேஸ்திரி, வெண்டிலேஷன் முக்கியம்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. நல்லா யோசிச்சு வைங்க” என்றார் வக்கீல்.

யோசித்தேன். வெண்டிலேட்டர் என்றால் நம் ஊரில் எங்கே இருக்கும்? கூரையை ஒட்டி. சமையலறைப் புகை எங்கே போகும்? மேலே. நம் தொழிலிலும் அப்படித்தான். சாக்கடைக் காற்று போவதற்கு வீட்டுக்கு வீடு கூரைக்கு மேல் பைப்பை நீட்டி வைக்கிறோமே... கெட்ட காற்று மேலே போகும். இருபத்தாறு வருஷமாக இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சாக்பீஸால் தரையில் படம் போட்டேன். கூரையை ஒட்டி நாலு வெண்டிலேட்டர், கொசு வராமல் கம்பி வலை. கொதிக்கும் அண்டாவுக்கு மேல் ஒரு தகரப் புகைக்கூண்டு. குளிர்ச்சி போகாமலிருக்க, படிக்கட்டின் தலையில் இறுக்கமான கதவு. வக்கீல் என் முதுகில் தட்டினார். “இஞ்சினீயர் தோத்தான் போங்க!”

முதல் நாள் காய்ச்சியபோது ஆவி அத்தனையும் புகைக்கூண்டு வழியே போய்விட்டது. அறையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வக்கீல் சம்சாரம் மட்டும் மாடிப்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஏன் மேஸ்திரி, இவ்வளவு பைப் போட்டீங்களே, இந்த நாத்தம் நேரா அவர் ரூமுக்கே போற மாதிரி ஒண்ணு போடக் கூடாதா?”

நாலு பெரிய பீப்பாய்களில் ஊற்றி வைத்தார்கள். நுரைக்க ஆரம்பித்தது. வக்கீல் தினமும் காலையில் இறங்கி, நுரையைப் பார்த்து, மகிழ்ந்து, மேலே வருவார். லேசாகத் தலை வலிக்கிறது என்றார். கோர்ட்டுத் தலைவலி என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பம்பு அடைத்துக்கொண்டது. பார்லி உமி குழிக்குள் போய்ப் பைப்பின் வாயில் அப்பிக்கொண்டுவிட்டது. இறங்கி, குனிந்து, கையால்தான் அள்ள வேண்டும். முனிசாமியைக் கூட்டி வந்தேன்.

முனிசாமி மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கிணறு தூர் வாருகிறவர். கயிறு, கூடை, ஒரு அரிக்கேன் விளக்கு... இந்த மூன்றும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

கதவைத் திறந்தோம். உள்ளே எலெக்ட்ரிக் பல்பு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. முனிசாமி படியில் உட்கார்ந்து நிதானமாக அரிக்கேனை ஏற்றினார். கயிற்றில் கட்டினார்.

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னப்பா, பட்டப்பகல்ல, பல்பு எரியற ரூமுக்கு விளக்கா?”

“கெணத்துக்கு எறக்கிப் பாத்துட்டுத்தான் எறங்குறது சாமி.”

“இது கிணறு இல்லப்பா. படி இருக்கு பாரு.”

“படி கீது. ஆனா பள்ளந்தானே சாமி?”

விளக்கு படிக்கட்டின் பக்கமாக ஆடிக்கொண்டே இறங்கியது. தரைக்கு இரண்டடி இருக்கும்போது சுடர் குறுகியது. நீலமானது. அணைந்தது.

“எண்ணெய் இல்ல” என்றார் வக்கீல்.

முனிசாமி இழுத்து, குலுக்கிக் காட்டி, மறுபடி ஏற்றி இறக்கினார். அதே இடம். யாரோ வாயால் ஊதியது போல அணைந்தது.

“இன்னா மேஸ்திரி இது?” என்று என்னைப் பார்த்தார் முனிசாமி. “காத்து வர்றதுக்கு வழி வெச்சியா, இல்லியா?”

“நாலு வெண்டிலேட்டர் வெச்சிருக்கேனே... மேலே.”

“மேல வெச்சே. கீழ குந்திக்கினு கீதே, அத்த யாரு கூப்புட்டு அனுப்புறது?”

இந்த இடத்தில் நான் உடனே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பெரிய மனிதர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. அதுவும், தப்பு என்னுடையது என்று சொல்வதற்கு...

அதற்குள் வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. “தினம் நான் இறங்கி நிக்கறேன். செத்தா போயிட்டேன்?” என்று மடமடவென்று இறங்கினார். அறையின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். “பாருங்க! பல்பு எரியுதா? நான் நிக்கறேனா?”

நின்றார். நன்றாகத்தான் நின்றார்.

“சாமி, குனியாத!” என்று மேலிருந்து கத்தினார் முனிசாமி.

வக்கீலிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொல்லலாமா? நேராக மூலைக்குப் போனார். குழியின் மூடியை எடுக்கக் குனிந்தார்.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவர் சட்டையைப் பின்புறமாகப் பிடித்து இழுத்தேன். பித்தான்கள் தெறித்தன. படியில் பாதி தூரம் ஏறிய பிறகுதான், பிடித்திருப்பது யார் சட்டை என்ற பயமே எனக்கு வந்தது.

அவர் மேல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இரண்டு நொடிதான் குனிந்திருப்பார், முகம் வெளுத்துவிட்டது. மூச்சு திரும்பியதும் சொன்னார்: “கரியமில வாயு. நுரையிலேர்ந்து வர்றது. காத்தைவிடக் கனம். பள்ளிக்கூடத்துல படிச்சேனே...”

நான் படித்த நாலாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பாடம் வரவில்லை. முனிசாமி பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. எங்கள் மூவரில் படித்தவர் ஒருவர். தெரிந்தவர் ஒருவர். இரண்டிலும் சேராத நான்தான் அறைக்குப் படம் போட்டவன்!

பல்பை நம்பியதுதான் வேடிக்கை. திரி எரியக் காற்று வேண்டும். பல்பு தன் கண்ணாடிக்குள்ளேயே எரிகிறது. வெளியே மனிதன் விழுந்தாலும் அது பாட்டுக்கு எரியும். பழைய விளக்காக இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும்.

அன்றைக்கு முனிசாமி ஒரு பெரிய வேப்பங்கிளையை வெட்டிக் கயிற்றில் கட்டினார். கிணற்றில் செய்வது போல அதை மேலும் கீழும் இழுத்து, கீழே படுத்திருந்த காற்றைக் கலைத்தார். அது அன்றைக்கு மட்டும் சரி. பீப்பாய் நுரைக்கிற வரைக்கும் ஒருவர் கிளையை ஆட்டிக்கொண்டே நிற்க முடியுமா?

“கீழே ஜன்னல் வெச்சுடலாமா மேஸ்திரி?” என்றார் வக்கீல்.

“வெளியிலே மண்ணுங்க” என்றேன்.

யோசித்து யோசித்து, கடைசியில் கையில் எடுத்தது மழைநீர்க் குழாய். மாடியிலிருந்து தண்ணீரை இறக்குவதற்குப் போடுவோமே, அந்த ஆறு இஞ்சு வார்ப்பிரும்புக் குழாய். அதன் கீழ்வாய் குழியின் விளிம்பை ஒட்டி, தரைக்கு நாலு விரல் உயரத்தில். மேல்வாய் மொட்டைமாடிக்கு மேல். உச்சியில் காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு எலெக்ட்ரிக் விசிறி. கீழே இருக்கும் காற்றை அது இழுக்க இழுக்க, நல்ல காற்று மேல் வெண்டிலேட்டர்கள் வழியே உள்ளே வரும். அவற்றை அடைக்க வேண்டியதில்லை. வேலையை மாற்றிக் கொடுத்தால் போதும். திங்கட்கிழமை சுவரை உடைத்தது இதற்குத்தான்.

வியாழக்கிழமை விசிறி ஓடியது. முனிசாமி விளக்கை இறக்கினார். தரையில் எரிந்தது. நீளக் கொம்பால் மூடியைத் தள்ளிவிட்டு, விளக்கைக் குழிக்குள்ளேயே இறக்கினார். எரிந்தது.

ஆனால் உமி இன்னும் குழியில்தான் இருந்தது. யாராவது இறங்கிக் குனிய வேண்டும். முனிசாமி தலைப்பாகையை இறுக்கிக் கட்டினார்.

“நான் இறங்கறேன்” என்றேன்.

“உமி வார்றது என் வேல மேஸ்திரி.”

“பைப் என் வேலை.”

அவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கயிற்றை என் இடுப்பில் கட்டினார். இரண்டு முடிச்சு. மறுமுனையில் அவரும் வக்கீலும்.

“ஒண்ணு சொல்றேன் நைனா, கேட்டுக்கோ. கீழ போனா பேசிக்கினே இருக்கணும். நிறுத்தக் கூடாது. பேச்சு நின்னா இழுத்துப்புடுவேன்.”

“என்ன பேசறது?”

“இன்னாத்தயாவது பேசு. உன் பொஞ்சாதியத் திட்டு.”

இறங்கினேன். மண்டியிட்டேன். குழிக்குள் தலையை விட்டுக் குனிந்தேன். வாழ்க்கையில் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியறியாத எனக்கு, அப்போது என்ன வரும்? வாயில் வந்ததைச் சொன்னேன். அரை இஞ்சு எல்போ, முக்கால் இஞ்சு எல்போ, ஒரு இஞ்சு டீ, சாக்கெட், நிப்பிள், ஸ்டாப் காக்... தொழிலில் இருக்கும் சாமான் எல்லாம் தீர்ந்துவிட்டது. உமி தீரவில்லை. இரண்டாம் வாய்ப்பாடு சொன்னேன். மூன்றாம் வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு என்ன என்று மறந்து ஒரு கணம் நின்றேன். உடனே கயிறு என் இடுப்பை வெட்டி இழுத்தது.

“ஐம்பத்தாறு!” என்று கத்தினார் வக்கீல், மேலிருந்து.

நாலு கூடை உமி. பைப்பின் வாய் தெரிந்தது. நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன், நிறுத்தத் தெரியவில்லை. எட்டாம் வாய்ப்பாட்டைப் பாதியில் விடாமல் படியேறி வந்தேன்.

“போதும் மேஸ்திரி” என்றார் முனிசாமி, முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. “காது வலிக்குது.”

பள்ளத்தில் இறங்கியவன் பிழைத்திருக்கிறான் என்பதற்கு, மேலே நிற்பவர்களுக்குக் காது வலிப்பதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.