நாலடி இடத்தில் தனம் வளர்த்த பூமரம்

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ஒரு விடுதியில் அறைகளைக் கூட்டித் துடைப்பதும் படுக்கை விரிப்புகளை மாற்றுவதும் தனத்தின் வேலை. ஒரு மார்கழியில் மாடி அறைக்கு யுக்கோ என்றொரு ஜப்பான்காரம்மா வந்து தங்கினார். ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த தனத்தை அருகே கூப்பிட்டுச் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

ஒரு வீட்டின் பின்புறம். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் நிறைந்துவிடும் இடம். அதில் கம்பம் நட்டதுபோல் நேராக ஒரு மரம். அடியிலிருந்து உச்சிவரை வெளிர் ரோஜா நிறத்தில் பூ. இலை என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"செர்ரி," என்றார் யுக்கோ. போனில் எதையோ தட்ட, அது தமிழில் பேசியது: 'இது பக்கவாட்டில் வளராது. மேலே மட்டும் வளரும்.'

"பழம் துன்னலாமா?" என்று தனம் கேட்டாள்.

போன் அதை மொழிபெயர்க்க, யுக்கோ சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையை ஆட்டினார். பூவுக்காக மட்டும் வளர்ப்பதாம்.

அந்த பதில் தனத்துக்கு விசித்திரமாக இருந்தது. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மணிலாக் கொட்டையும் போட்ட குடும்பம் அவளுடையது. மண்ணில் வைத்ததெல்லாம் தின்ன, விற்க, இல்லையென்றால் மாட்டுக்குப் போட. சும்மா பார்ப்பதற்கென்று அவள் எதையும் வளர்த்ததில்லை. ஆனாலும் வேலை முடிந்து வேங்கிக்காலுக்கு பஸ் ஏறியபோது அந்த மரம் கண்ணுக்குள்ளேயே நின்றது. புதிதாகக் கட்டிய வீட்டில் கேட்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலடி அகலத்துக்கு மண் காலியாகக் கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அங்க முருங்க வைக்கலாம்னு இருக்கேன்," என்றான் கணவன் சுப்பிரமணி. கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேன் ஓட்டுகிறவன்.

"முருங்க கடையில கிடைக்கும். இது எனக்கு வேணும்," என்றாள் தனம். 'எனக்கு வேணும்' என்று அவள் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அதனால் முருங்கையை விட்டுக்கொடுத்தான்.

மகள் கவிநிலா ஆன்லைனில் தேடி, 'ஜப்பான் செர்ரி' என்று போட்டிருந்த ஒன்றை வரவழைத்தாள். தை மாதம் அட்டைப்பெட்டியில் முழ நீளக் குச்சி ஒன்று வந்து சேர்ந்தது. தனம் அதை நட்டாள். குளிர்ச்சி வேண்டுமென்று யாரோ சொல்ல, விடுதி ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்கட்டிகளைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வந்து வேரைச் சுற்றி வைத்தாள்.

"அண்ணாமலையாருக்குக்கூட இப்பிடி ஒரு அபிசேகம் நடக்காது," என்று சுப்பிரமணி சிரித்தான்.

குச்சி மூன்று இலை விட்டது. மூன்றையும் பார்க்கத் தனம் தெருவையே கூப்பிட்டாள். பங்குனியில் இலையோரம் கருகியது. சித்திரை வெயிலில் எல்லாம் உதிர்ந்து, ஒடித்தால் சடக்கென்று ஒடியும் விறகாகிவிட்டது. நர்சரி வைத்திருக்கும் இளவரசனிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"அக்கா, செர்ரி மொட்டு உள்ளாறயே தூங்கிக்கினு இருக்கும். மாசக்கணக்கா நல்ல குளிர் பட்டாத்தான் முழிக்கும். நம்ம ஊரு மார்கழியெல்லாம் அதுக்கு எந்த மூலைக்கு? இனிமே வாங்காதீங்க," என்றான்.

வீட்டுக்கு வந்து குழியை மூடினாள். எதிர்வீட்டு ஜோதியம்மாள், "இன்னா தனம், உன் ஜப்பான் மரம்?" என்று கேட்டபோது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முருங்கை வைக்கவும் அவள் விடவில்லை. மண் காலியாகவே கிடந்தது.

அடுத்த மாசியில் கீழ்பென்னாத்தூரில் அண்ணன் மணிவேலின் பேரனுக்குக் காதுகுத்து. தனம் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு வழியாக நடந்தாள். உரிமையாளர் சென்னைக்குப் போய்விட்டதால் பயிர் வைக்காமல் விட்டிருந்த ஒரு நிலம். அதன் ஓரத்தில் இலையே இல்லாத ஒரு மரம், கொம்புக்குக் கொம்பு வெளிர் ரோஜாப் பூவோடு நின்றது. கையிலிருந்த சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பூ வேறு மாதிரிதான், அவரைப் பூப்போல. ஆனால் அந்த நிறம், அந்த நிறைவு!

தேடிக்கொண்டு வந்த அண்ணனிடம், "இது இன்னா மரம்ணா?" என்றாள்.

"கிளைரிசிடியா. நம்ம வரப்புலயும் வரிசையா கீதே. தழையெருவுக்கு வெட்டிச் சேத்துல மிதிப்பமே, மறந்துட்டியா?"

"அது பூக்குமா?"

"வெட்டாம வுட்டாத்தான பூக்கும்? நாம எங்க வுட்டோம்!"

கல்யாணமாகும்வரை வருடா வருடம் அந்தத் தழையைத் தன் காலாலேயே சேற்றில் மிதித்தவள் தனம். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அண்ணன் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தான்.

மாலையில், நட்டால் வேர்விடும் கொம்பு ஒன்றை, அவள் உயரத்துக்கு ஒரு போத்தாக வெட்டிக்கொடுத்தான். பஸ்ஸில் கண்டக்டர், "கம்பு யாரு கண்ணயாவது குத்தப்போவுது, நேரா புடிம்மா," என்று அதட்ட, வேங்கிக்கால்வரை அதைக் கொடிமரம்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நட்ட இருபதாம் நாள் துளிர்த்தது. பக்கவாட்டில் போன கிளைகளைக் கழித்தாள். மேலே போனவற்றைப் பழைய புடவைக் கிழிசலால் நடுத்தண்டோடு சேர்த்துக் கட்டினாள். மரம் ஒல்லியாக மாடிச்சுவரைத் தாண்டியது. ஆனால் மறு மாசியில் ஒரு பூ இல்லை. பச்சைப்பசேலென்று இலைதான் நின்றது.

அண்ணனுக்குப் போன் செய்தாள். "தண்ணி ஜாஸ்தி ஊத்துறே போல. வயிறு நெறஞ்சா அது ஏன் பூக்கப்போவுது? கார்த்திகை தீபம் முடிஞ்சதும் நிறுத்திடு," என்றான்.

அடுத்த தீபம் முடிந்ததும் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். தையில் இலை மொத்தமும் கொட்டிற்று.

"இதுவும் பூட்ச்சா?" என்று ஜோதியம்மாள் உச்சுக்கொட்டினாள். தனம் மரத்தருகே ஓடினாள். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை. தண்ணீர் ஊற்றப் பரபரத்த கையை அடக்கிக்கொண்டாள்.

மாசி முதல் வாரம், கோலப்பொடிக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தவள் கத்தினாள். "ஏங்க! கவி! ஓடியாங்க!"

பாம்பு என்று நினைத்துக் கட்டையோடு ஓடிவந்த சுப்பிரமணி கட்டையைக் கீழே போட்டான். தண்டை ஒட்டி, அடியிலிருந்து நுனிவரை மொட்டு. பாதி விரிந்திருந்தது. நாலு நாளில் முழுவதும் விரிந்து, தேனீக்கள் இரைய ஆரம்பித்தன. ஆபீசுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சுப்பிரமணி பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டருகே போட்டு, டீயை அங்கேதான் குடிப்பேன் என்றான். முருங்கையைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை.

யுக்கோ தனத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருந்த நம்பருக்குக் கவிநிலா படம் அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் தமிழிலேயே பதில் வந்தது: 'எங்கள் ஊரில் இன்னும் பனி. செர்ரி மொட்டுகூட வைக்கவில்லை. இந்த வருடம் வசந்தம் உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்திருக்கிறது.'

தனம் அதை மகளை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஜோதியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டிப் போனை நீட்டினாள்.

"இருக்கட்டும். மொதல்ல எனக்கு ஒரு போத்து எப்ப வெட்டித் தருவே, அதச் சொல்லு," என்றாள் ஜோதியம்மாள்.

"பூவெல்லாம் கொட்டட்டும்க்கா. அதுவரைக்கும் ஒரு கொம்பு தொடவுட மாட்டேன்," என்றாள் தனம்.