லைன் வீடுகளுக்குச் சேதி கொண்டுபோன பாடு

பூமிக்கடியிலிருந்து தங்கம் எடுப்பதுகூடச் சுலபம். சுரங்க ஆபீஸ் சொன்னதை, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்களிடம் சொல்லி நம்பவைப்பதுதான் கஷ்டம். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு அந்த மக்கள் தொடர்பு வேலையைக் கொடுத்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவேன் என்பதுதான் தகுதி. ஊரிகம் லைன்களில் வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்ல வேண்டும். நான் சொல்வதை அவர்கள் நம்பாவிட்டால் ஆபீசுக்கு நான் எதற்கு? இந்தக் கவலையிலேயே பாதித் தலை நரைத்துவிட்டது. என்னைப்போல ஆபீசுக்கும் ஊருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொன்னால் புரியும்.

காப்பி வேண்டாமென்ற குற்றம்

பெங்களூரிலிருந்து வந்த எங்கள் ஆபீசர் முதல் நாளே சட்டம் போட்டார். எந்த வீட்டிலும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கக் கூடாதாம். குடித்தால் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேனாம். சரியென்று, அம்மை குத்தும் நாளைச் சொல்லப் போன இடத்தில், கொடுத்த காப்பியை வேண்டாமென்றேன். அன்றைக்கு டாக்டர் ஈ ஓட்டினார். அந்த லைனிலிருந்து ஒரு குழந்தைகூட வரவில்லை. ஏனென்று கேட்கப் போனால், காப்பி கொடுத்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏம்மா, எங்க வூட்டு காப்பிய நீ நம்பல. உன் ஊசிய நாங்க இன்னாத்துக்கு நம்பணும்?"

வெள்ளிக்கிழமையில் 'இல்லை'

பேத்தமங்களா ஏரியிலிருந்து லைன்களுக்குத் தண்ணீர் வரும் குழாய் உடைந்தது. மூன்று நாள் தண்ணீர் இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்றார் ஆபீசர். சொன்னேன். அன்று வெள்ளிக்கிழமை. விளக்குக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த ஒரு மாமியார் எழுந்தே வந்துவிட்டாள்.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா வாசல்ல நின்னு இல்லன்றியே, வெளங்குமா? வருதுன்னு சொல்லிட்டுப் போ. வராதுன்னு நாங்களே புரிஞ்சிக்கறோம்."

லேசான அடி

அதற்கப்புறம் நானும் ஊர் வழக்கப்படியே பேசினேன். கீழே சுரங்கத்தில் பாறை சரிந்து ஒருவர் இறந்துபோனபோது, "கால்ல லேசா அடி, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று சொல்லித்தான் அவர் மனைவியைக் கூட்டிப்போனேன். யாரும் அதைப் பொய்யென்று சொல்லவில்லை. நல்ல மனசு என்றார்கள்.

கொஞ்ச நாளில் மறுபடி பாறை சரிந்தது. இந்தத் தடவை அதே லைனில் இருக்கும் ரோஸியின் புருஷனுக்கு நிஜமாகவே காலில்தான் அடி. எலும்பு முறிவு, அவ்வளவுதான். ஆள் கட்டிலில் சாய்ந்துகொண்டு டீ கேட்டார். ரோஸிக்கு அப்போது ஏழு மாதம். பயந்துவிடப் போகிறாளே என்று ஓடிப்போய், "கால்லதான் அடி, வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அப்படியே சுவரோடு சரிந்தாள். அக்கம்பக்கத்தார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சர்ச்சுக்கு ஆள் ஓடியது. "உசுரோட கீறாரு, டீ கேக்கறாரு!" என்று நான் கத்தக் கத்த அழுகை கூடியது. "பாவம், எப்படித் தேத்தறா பாரு" என்று என்னைப் பார்த்து ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ரோஸியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினோம். அவள் புருஷனுடைய முகத்தையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மூச்சு திரும்பியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இனிமே செத்தா செத்துட்டாருன்னே சொல்லுங்க. அப்பத்தான் பொழச்சிட்டாருன்னா நம்புவோம்."

அவள் சொன்னபடியே அன்றிலிருந்து உள்ளதை மட்டுமே சொல்கிறேன். என்ன, என் தலையைக் கண்டாலே லைனில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.