உள்ளே இழுக்கும்போது வந்த சத்தம்

அழும்போதும் பால் குடிக்கும்போதும் அந்தக் குழந்தையிடமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வரும். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஆண் குழந்தை. தொண்டையில் குழாயோடு பல வாரம் செயற்கை சுவாசத்தில் கிடந்து, நுரையீரல் நைந்து, மூக்கில் ஆக்சிஜன் வைத்தால் போதும் என்ற அளவுக்கு அப்போதுதான் தேறியிருந்தது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். நான் அந்த வார்டின் மூத்த நர்ஸ். எல்லாம் தெரியும் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

குழந்தையின் அம்மாவுக்கு அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்ததும் நேராக ஓடி வருவாள். கூந்தலெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். "உள்ள இழுக்கையிலதானுங்க சிஸ்டர் சத்தம் வருது. உடறப்ப இல்லீங்க" என்று இரண்டு முறை சொன்னாள். இந்த ஊரில் யாருக்கு மூச்சு முட்டினாலும் பஞ்சின் மேல்தான் பழி போடுவோம். நானும் போட்டேன். "இத்தனை பஞ்சத் தலையில சுமந்துட்டு வந்தா புள்ளைக்கு மூச்சு எப்படிம்மா வரும்?" என்று எல்லோர் முன்னாலும் கடிந்தேன். அவள் சொன்னதை டாக்டரிடம் சொல்லவுமில்லை, கேஸ் ஷீட்டில் எழுதவுமில்லை.

மறுநாள் மொட்டைத் தலையோடு வந்தாள். பழனி வேண்டுதலா என்று ஆயாம்மா கேட்டதற்குத் தலையாட்டினாள். வேலையையும் விட்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த குழந்தைக்கு மருந்து எடுக்கத் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பால் கொடுக்கும்போது குழந்தை நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். குழாய் உராய்ந்த புண் தழும்பாகி, குரல்வளைக்குக் கீழே மூச்சுப்பாதை சுருங்கிப் போயிருந்தது. பஞ்சுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "உள்ள இழுக்கறப்ப சத்தம் வந்திருக்குமே, யாருமே கவனிக்கலையா?" என்றார். நான் கேஸ் ஷீட்டை மூடி வைத்தேன். கோவைக்கு அனுப்பி, சுருங்கிய இடத்தை விரித்துவிட்டதில் குழந்தை பிழைத்தது. எதனால் சுருங்கியது என்று அவளிடம் யாரும் விளக்கவில்லை.

போன மாதம் சளிக்கு மருந்து வாங்க அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஐந்து வயதாகிவிட்டது. "கம்பெனிப் பக்கமே அப்பறம் போகலீங்க சிஸ்டர்" என்றவள், அவனிடம் குனிந்து, "அன்னிக்கு இவங்க மட்டும் என்னைய வையலீன்னா நானே உன்னையக் கொன்னிருப்பேன் கண்ணு. கால்ல உழுந்து கும்புட்டுக்க" என்றாள்.

பஞ்சால் இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் காலில் விழுந்து எழுந்துவிட்டான். நன்றாக இருப்பா என்று மட்டும் சொன்னேன்.