தங்கபாய் வளர்த்த செங்கல் நிறப் புழுக்கள்

மம்சாபுரத்தில் தங்கபாயிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர் யாரும் கிடையாது. அவள் புருஷன் ஐயாதுரை முயற்சிகூடச் செய்ததில்லை. எண்பதுகளில் ஊரே ஆடு, மாடு என்று வாங்கியபோது இவள் தேன்பெட்டிகளை வாங்கி மலையடிவாரத்து மாந்தோப்புகளில் வைத்தாள். "ஈ வளத்துப் பிழைக்கப் போறாளாம்!" என்று சிரித்தவர்கள்தான் பிறகு பிள்ளைகளின் இருமலுக்குத் தேன் கேட்டு அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நோய் வந்தது. ஈக்குஞ்சுகள் அடைக்குள்ளேயே செத்தன. காலியான பெட்டிகளில் மெழுகுப்புழு புகுந்து, மிச்சமிருந்த அடையை அரித்து, உள்ளே நூல்கட்டி வைத்தது. அந்தப் புழுவை நசுக்கி நசுக்கியே அவள் விரல் பழகியிருந்தது.

அப்போதுதான் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஞானதுரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "இந்தப் புழு எனக்கு வேணும்மா. வளத்துத் தருவீங்களா?"

"நல்லாருக்கு சார்! எங்குடியைக் கெடுத்ததுக்குச் சோறு போட்டு வேற வளக்கணுமா?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு குப்பித் தண்ணீரை வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே தூசு மாதிரி ஏதோ நெளிந்தது. நூற்புழுவாம். மண்ணுக்குள் வேர்ப்புழுவைத் தேடிப்போய், வாய் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ நுழைந்து, தன் வயிற்றில் வைத்திருக்கும் கிருமியைக் கக்கும். இரண்டு நாளில் அந்தப் புழு சாகும். கிருமி சதையைக் கூழாக்க, நூற்புழு அதைத் தின்று அதற்குள்ளேயே குஞ்சு பொரித்துப் பெருகும். தின்ன ஒன்றும் இல்லையென்றானதும் குஞ்சுகள் வெளியே வந்து அடுத்த புழுவைத் தேடிப் போகும். அதைப் பெருக்கத்தான் மெழுகுப்புழு.

"செங்கல் நெறத்துல செத்துக் கெடந்தா அது நம்ம ஆளு செஞ்ச வேலை. வெயில் மட்டும் ஆகாதும்மா. ஈரம் காயாம வச்சு, அந்தியில மண்ணுல போடணும்" என்றார்.

தங்கபாயின் மனசு அப்போதே கரும்புக்காட்டுக்கு ஓடிவிட்டது. ராஜபாளையத்துத் தனுஷ்கோடியிடம் குத்தகைக்கு வாங்கிய நிலம் அது. ஈ போனபின் அவர்களுக்கு அதுதான் கஞ்சி. அதிலும் அந்த வருஷம் தோகை மஞ்சளடித்திருந்தது. ஐயாதுரை ஒரு தூரைப் பிடித்து லேசாக இழுக்க, தூரோடு மல்லாக்க விழுந்தான். வேர் என்று ஒன்றுமே இல்லை. அது இருந்த இடத்தில் வெள்ளை வேர்ப்புழுக்கள் சுருண்டு கிடந்தன. தனுஷ்கோடி பார்த்துவிட்டு, "பொங்கலுக்கு முந்தி வருவேன். இப்படியே கெடந்தா வேற ஆளுக்கு விட்டுருவேன்" என்று சொல்லிப்போனார்.

"வரட்டும், அவுக வாயாலயே நம்மள இருக்கச் சொல்ல வைக்கேன்" என்றாள் தங்கபாய். மெழுகுப்புழுக்களைத் தட்டுகளில் பரப்பி, ஞானதுரை கொடுத்துவிட்டுப் போன குப்பித் தண்ணீரைத் தெளித்தாள். அத்தனையும் செங்கல் நிறத்தில் செத்தன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மழை விழுந்து மண் நனைய வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் வேதக்கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனம் வந்துவிட்டது. அசனத்துக்கு விருந்தாள் வருமுன் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் கழுவிவிட வேண்டும். அந்த வேலைக்குச் சேத்தூரிலிருந்து ஐயாதுரையின் அண்ணன் மனைவி ஏசம்மாள் வந்திருந்தாள். தங்கபாய் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது வீடு பளபளவென்று இருந்தது. புழுத் தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"செத்த புழுவை வச்சு என்னட்டி பண்ணுத? நாலு பேரு வார வீடு! எருக்குழியில கொட்டிட்டேன்."

"நீ வீட்டைக் கூட்டலக்கா, எங்குடியையே கூட்டித் தள்ளிட்ட!"

இத்தோடு நிறுத்தினாளா? வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். ஏசம்மாள் அசனச் சோறுகூடச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். வேறு குப்பி கேட்கலாமென்றால் ஞானதுரையும் கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். கிறிஸ்துமஸ் கழிந்துதான் வருவார். பந்தியில் உட்கார்ந்த தங்கபாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"போகட்டும், விடுட்டி" என்றான் ஐயாதுரை.

"விடுறதுக்கா இம்புட்டுப் பாடுபட்டேன்?"

மழை விழுந்த மறுநாள் காட்டுக்குச் சாணி எருவாவது போடுவோம் என்று எருக்குழியை வெட்டினாள். குழிக்குள் எப்போதும் கொழுத்துச் சுருண்டு கிடக்கும் வண்டுப் புழுக்கள் தொளதொளவென்று கிடந்தன. நிறம் செங்கல். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கத்தினாள். "ஏங்க! இங்க ஓடியாங்க! நம்ம ஆளு சாகல, குழிக்குள்ள பெருகிட்டான்!"

வெயில் தாழக் காத்திருந்து, எருவைக் கூடைகூடையாகச் சுமந்தார்கள். தூர் தூராக மண்ணைக் கிளறிப் புதைத்தார்கள். அடுத்தடுத்த மாலைகளிலும் அதே வேலைதான்.

பொங்கல் நெருங்கத் தனுஷ்கோடி வந்தார். செத்த தூர் செத்ததுதான், காட்டில் அங்கங்கே சொட்டை. மற்றதெல்லாம் பச்சை. அவர் நம்பாமல் ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். அப்போதும் அது அசையவில்லை.

"ஆள் வேணும்னா கூப்பிடவாய்யா, சேந்து இழுப்பீக?" என்றாள் தங்கபாய்.

அவர் கையைத் தட்டிக்கொண்டார். "காட்டை நீங்களே பாத்துக்கோங்கம்மா."

ஐயாதுரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தங்கபாய்க்கு அழ நேரமில்லை. நேரே சேத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

ஏசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "என்னட்டி, திட்டுனதுல மிச்சம் இருக்கா?"

தங்கபாய்க்கு அன்றைக்குத்தான் வாய் அடைத்தது.

"அடுத்த அசனத்துக்கும் நீதான்க்கா வந்து கூட்டணும்."