ஊர்ப் பாலில் ஒரு கை தண்ணீர்

கூட்டுறவு என்றால் ஒற்றுமை, ஒற்றுமை என்றால் அன்பு என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர்களில் ஒருவராவது விடிகிற நேரத்தில் எருமைக்கு அடியில் குந்தி, அதன் வாலடியை முகத்தில் வாங்கியிருப்பாரா? நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு இரண்டு போர்வெல், ஒரு டிராக்டர், திண்டிவனத்தில் மாடி வீடு என்று நிற்கிறேன். எவனும் என்னைத் தூக்கி விடவில்லை. எங்கள் ஊரில் பால் சங்கத்தை எண்பதுகளின் ஆரம்பத்தில் கொண்டுவந்ததும் நான்தான். அதனால் எனக்குத் தெரியும். அந்தச் சங்கம் அன்பால் ஓடவில்லை. ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு நம்பிக்கை இல்லாததால் ஓடியது. நம்பிக்கை இருந்த வரைக்கும் அது சாகக் கிடந்தது.

பிரம்மதேசம் போகிற ரோட்டை ஒட்டியது எங்கள் ஊர். ஏரி, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லை, வீட்டுக்கு ஒன்றிரண்டு எருமை. ஊர்ப் பால் முழுவதையும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒரு பால் கான்ட்ராக்டர்தான் எடுத்தார். ஆறு வருஷம் அவருக்காகக் கேன்களைக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். என்னைப்போல் வேகமாக மிதித்தவன் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. கேன் தளும்பாது.

அந்த ஆளுடைய லிட்டர் அளவுக் குவளை ஊர் உலகத்தில் இருக்கிற லிட்டரைவிடப் பெரியது. அதன் அடித் தகட்டை உள்ளேயிருந்து தட்டித் தட்டிப் புடைக்க வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் அவர்கள் பாலில் தண்ணீரை விட்டார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் திருடிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு நடந்த வியாபாரம் அது. நடுவில் அந்தப் பாலில் டீ குடித்தவன்தான் ஏமாளி.

ஒரு கோடையில் டீக்கடைகளில் வியாபாரம் மந்தம். கான்ட்ராக்டர் கேனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இன்னிக்கு வேணாம், எடுத்துக்கினு போ" என்பார். வெயிலில் திரும்ப மிதித்துக்கொண்டு வருவேன். ஊர் வருவதற்குள் பால் திரிந்துவிடும். மூன்றாவது தடவை அப்படிச் சொன்னபோது கேனை அவர் கடை வாசலிலேயே இறக்கினேன்.

"மொதலாளி, இனிமே எங்க ஊரு பால் ஒங்க கடைக்கு வராது. நாங்களே சங்கம் வெச்சுக்குறோம்."

அவர் சிரித்தார். "டேய் மூணாங்கிளாஸு, ஒங்க ஊருக்காரன் ஒரே கேன்ல பால் ஊத்துவானாடா? பத்து நாளு தாங்காது. கேன தூக்கிக்கினு இங்கதான் வந்து நிப்ப."

அந்தச் சிரிப்புக்காகவே வீடு வீடாக ஏறினேன். கையெழுத்து வாங்கினேன், கைநாட்டு வாங்கினேன். விழுப்புரத்துக்கு எத்தனை நடை நடந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. இங்கிலீஷில் இருந்த விண்ணப்பப் பாரத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆபீசரிடம் பேசி, வேலையை முடித்துக்கொண்டு வந்தவன் நான். கேன் வந்தது, சரியான லிட்டர் அளவு வந்தது, பாலில் தண்ணீர் இருந்தால் காட்டிக்கொடுக்கிற லாக்டோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழாயும் வைக்கோல் சுற்றிய பெட்டியில் வந்தது. நல்ல பாலில் அது மிதந்து நிற்கும். தண்ணீர் கலந்த பாலில் கீழே இறங்கிவிடும்.

அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று முதல் நாள் கூட்டத்தில் தலைவர் என்ற முறையில் நான்தான் சொன்னேன். "நம்ம சங்கம், நம்ம பாலு. நமக்கு நாமளே தண்ணி ஊத்திக்குவோமா?" என்று கேட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே படுமுட்டாள்தனமான பேச்சுக்குத்தான் அத்தனை கைதட்டல் கிடைத்தது.

காலையில் வேன் வந்து எங்கள் கேன்களை ஏற்றி, பாலைக் குளிர வைக்கிற விழுப்புரம் சில்லிங் சென்டருக்குக் கொண்டுபோகும். முதல் வாரத்திலேயே ஒரு நாள் எங்கள் கேன்கள் மட்டும் திரும்பி வந்தன. தண்ணீர் அதிகம், எடுக்க முடியாது என்றார்கள். வேன் டிரைவர் வழியில் ஏதோ பண்ணியிருக்கிறான் என்று அவனோடு சண்டைக்குப் போனேன். மறு வாரம் நானே கேன்களோடு ஏறி உட்கார்ந்துகொண்டு போனேன். என் கண் முன்னாலேயே கண்ணாடிக் குழாயை விட்டார்கள். கல்லைப் போட்ட மாதிரி இறங்கியது.

அங்கே சோதனை பார்த்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது பாலா, உங்க ஊர் ஏரியா? இன்னொரு தடவை இப்படி வந்தா உங்க ஊருக்கு வேன் வராது. எழுதிக் குடுத்துடுவேன்."

வேன் நின்றால் சங்கம் முடிந்தது. ஊர்ப் பால் மறுபடி அந்தப் புடைத்த அளவுக்குப் போகும். நான் மறுபடி அந்த ஆளின் சைக்கிளில் ஏற வேண்டும்.

திரும்பும்போது வேனை வேறு லைனுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னையும் நாலு கேன்களையும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போனான் டிரைவர். எதிரே கான்ட்ராக்டர் கடை. இந்தக் காட்சிக்காகவே காத்திருந்தவர் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நான் பத்து நாளுன்னு சொன்னேன். நீ கெட்டிக்காரன்டா, ரெண்டு வாரம் இழுத்துட்ட. கொண்டா கேன. டீக்கடைக்கு இந்தத் தண்ணி போதும். நாளையிலேர்ந்து சைக்கிள எடு."

நாலு கேனையும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கடைக்கு முன்னால் ஓடிய சாக்கடையில் கவிழ்த்தேன். பஸ் ஏற நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "பைத்தியமாடா நீ?" என்று கத்தினார். இன்றைக்கும் அந்தச் செயலுக்காக நான் வருத்தப்படவில்லை. வருத்தமெல்லாம், அதில் பாதி வெறும் தண்ணீர் என்பதுதான்.

ஊருக்கு வந்ததும் யார் அந்தத் திருடன் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். யாரை நினைத்தாலும் அவன்தான் என்று தோன்றியது. மறுநாள் விடியலில் என் வீட்டுத் தொழுவத்துக்குப் போனால், என் பெண்டாட்டி கறந்து முடித்த செம்பில், பக்கத்துக் குடத்திலிருந்து தண்ணீரைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! பால்ல தண்ணி ஊத்துறியா?"

"யாரு ஊத்துனா? ஒரு கை வுட்டேன்." முகம் மாறாமல் சொன்னாள். "பச்சப் பால அப்படியே வெளிய குடுத்தா எருமைக்கு மடி வத்திப் போவும். எங்க அம்மா வூட்லயும் அப்படித்தான், ஒங்க அம்மாவும் அப்படித்தான். வத்திப்போச்சுன்னா ஒங்க சங்கம் வந்து மடி குடுக்குமா?"

"எல்லாரும் இப்படித்தான் வுடுறாளுங்களா?"

"வுடாம? நான் ஒரு கை. சில பேருக்குக் கை கொஞ்சம் பெருசு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கான்ட்ராக்டருக்கு ஊற்றியபோது அந்த ஒரு கை தண்ணீர் அவர் தலையில் விழுந்தது. அடுத்த வீட்டுக்காரி ஒரு கை விடுகிறாள் என்று தெரிந்தவள் ஒரு டம்ளர் விட்டாள். அதைக் கேள்விப்பட்டவள் அரைச் செம்பு விட்டாள். இப்போது சங்கம் அவர்களுடையது. தங்கள் கேனில் தாங்களே ஏரியைக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டு, கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். உலகத்தில் தன் வீட்டிலேயே கன்னம் வைக்கிற திருடன் எங்கள் ஊரில்தான் இருப்பான்.

"இந்தப் பால வூட்டுக்கு வெச்சுக்க. அடுத்த எருமப் பால்ல ஒரு சொட்டு கூட வுடாத" என்றேன். அவள் அடுத்த எருமைக்கு அடியில் போய்க் குந்தினாள். நான் நேரே சங்கத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, வைக்கோலை உதறிவிட்டு, கண்ணாடிக் குழாயை மேசை மேல் வைத்தேன். வரிசை நின்றது. பெரிய கொல்லைக்காரர் வீட்டு வேலையாளிலிருந்து ஒற்றை எருமைக்காரி வரைக்கும் அதே வரிசைதான்.

"இன்னிலேர்ந்து ஒவ்வொரு செம்பும் இதுல தேறினாத்தான் கேனுக்குப் போவும். எல்லாரும் பாக்க வெச்சுத்தான் பாப்பேன்."

"இன்னாப்பா, எங்களத் திருடனுங்கறியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமா. அத்தினி பேரும்."

முதல் ஆளாக நின்றது என் பெண்டாட்டி. செம்பை வைத்தாள். குழாயை விட்டேன். இறங்கியது. நான் அவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை அவள். எருமை மேல் இருந்த பயம் என் மேல் இல்லை.

"தேறல. எடுத்துக்கினு போ."

வரிசையில் சிரிப்பு. "வூட்லயே ஓட்டையா தலைவரே!" என்று கத்தினான் ஒருத்தன். அவள் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். முந்தானையைச் செருகிக்கொண்டு மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"எங்கயும் போவ மாட்டேன். எம்பாலு மட்டுமா முங்குது? பின்னாடி நிக்கறவ செம்புலயும் வுடுங்க. நானும் பாக்குறேன்."

பின்னாடி நின்றவள் பாலிலும் குழாய் இறங்கியது. அவளும் போகாமல் அதற்கடுத்தவள் செம்பைப் பார்க்க நின்றாள். கால் மணி நேரத்தில் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். "இறங்குதுடி!", "ஒங்க மாமியா கை பெரிய கைதான்!" என்று கூச்சல். பழைய பகையெல்லாம் அந்தக் குழாய்க்கு மேலே எழுந்து வந்தது. தேறிய பாலைச் சேர்த்தால் ஒரு கேனில் பாதிதான். வேன் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு வண்டி? மடியில வெச்சுக்கினு போவலாமே" என்றான். ஆனால் அந்த அரைக் கேனை விழுப்புரத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

அரைக் கேனுக்கு எத்தனை நாள் வேன் வரும்? ஊர் எருமைகளின் மடிப் பயத்தை நான் எப்படித் தீர்ப்பது? என் மூளைக்கு எட்டாத காரியங்கள் ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று. தீர்த்தது என் பெண்டாட்டி. அன்று சாயந்திரம் கறந்ததும், செம்பிலிருந்து இரண்டு சொட்டுப் பாலை எருமை தண்ணீர் குடிக்கிற தொட்டியில் விட்டாள்.

"பால்ல தண்ணி சேரணும், அவ்ளோதானே? தண்ணியில பால் சேர்ந்தா மட்டும் ஆவாதா?" என்றாள். என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னாள். சங்கத்தில் எல்லார் முன்னாலும் செம்பைத் திருப்பியதற்கு இரண்டு மாசம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டே நாளில் ஊர்த் தொட்டிகளிலெல்லாம் இரண்டு சொட்டுப் பால் விழுந்தது. எந்த மடியும் வற்றவில்லை. கேன்கள் நிறைந்தன. வேன் நிற்கவில்லை. கான்ட்ராக்டர் வேறு ஒரு சைக்கிள்காரனை எங்கள் ஊருக்கு அனுப்பிப் பார்த்தார். சங்கத்தைவிடக் கூடக் கொடுக்கிறேன் என்று ஆள் விட்டார். ஒருத்தியும் போகவில்லை. என் மேல் உள்ள பிரியத்தால் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே போனால் அடுத்தவள் செம்பில் குழாய் முங்குகிறதா என்று யார் பார்ப்பது?

ஒரு நாள் ஊரிலேயே பெரிய கொல்லைக்காரர், கழுத்தில் துண்டோடு தாமே செம்பை எடுத்து வந்தார். நேரே கேனில் ஊற்றப் போனார். என் பெண்டாட்டி கையைக் குறுக்கே நீட்டினாள்.

"கண்ணாடிக் கொழாயில காட்டிட்டு ஊத்துங்க."

"இன்னாம்மா, என்னியே சந்தேகப்படறியா?"

"ஒங்கள மட்டும் இல்லீங்க. எல்லாரயும்தான்."

அவர் முகம் கறுத்தது. செம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார் என்று எல்லாரும் பார்த்தோம். அவரோ செம்பை மேசை மேல் வைத்தார். பிறகு குழாயை விடச் சொன்னார். மிதந்தது. பாலை ஊற்றிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ம், அடுத்தது யாரு? வையி செம்ப."