கேட்டதெல்லாம் கிடைத்த கொள்ளளவு மாமா

பார்சல் கம்பெனியில் அவருக்கும் ஒரு பெயர் உண்டு. சம்பள நாளன்று மட்டும் வெளியே வரும். மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘கொள்ளளவு மாமா’தான். அடுத்த வருஷம் பார்சல் எவ்வளவு கூடும், அந்த விவரங்களை வைக்க டேட்டாபேஸில் எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வது அவர் வேலை.

தேவைக்கு மூன்று மடங்கு கேட்பார். பழைய மேனேஜர் முகத்தைச் சுளித்து மூன்றில் ஒரு பங்கு கொடுப்பார். கேட்டவருக்கும் திருப்தி, வெட்டியவருக்கும் திருப்தி. இந்த வருஷம் வந்த புது மேடத்துக்கு இந்தச் சம்பிரதாயம் தெரியாது.

“உங்களுக்குத் தெரியாததா சார்?” என்று அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடவே ஒரு குண்டு: “வருஷக் கடைசியில பாதியாவது நிரம்பலைன்னா, இந்த வேலைக்கு வேற ஆள் பார்ப்பேன்.”

மாமா வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார்.

“கேட்டது கிடைச்சதுக்கு அழற ஒரே மனுஷன் நீங்கதாங்க. நம்ம அலமாரிக்கு யாரு பிளான் போட்டா? இடம் இருக்குன்னு தெரிஞ்சா போதும், தானா ரொம்பிடும். உங்க அக்கா நம்ம தலையில கட்டின பூ ஜாடியே ஒரு தட்டு இருக்கு.”

அதுவரை பழைய விவரங்களை அழிக்கச் சொல்லி ஊழியர்களை ஓட ஓட விரட்டியவர், மறுநாள் மேஜை மேஜையாகப் போய்க் கெஞ்சினார். “எதையும் அழிக்காதீங்கப்பா. பார்சலுக்கு ஒரு போட்டோ பத்தாது, நாலு பக்கமும் எடுங்க.”

“அடியில, மாமா?” என்றான் டெலிவரி பையன்.

“அடியிலயும் எடு கண்ணு.”

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

அவ்வளவுதான், மடை திறந்தது. புகார்ப் பிரிவு வாடிக்கையாளரின் பெருமூச்சைக்கூடப் பதிவு செய்தது. வருஷம் பாதி தாண்டுமுன் டேட்டாபேஸ் கழுத்துவரை நிரம்பி மூச்சு வாங்கியது. ‘என் பார்சல் எங்கே?’ என்று தேடினால், பதில் வருமுன் பார்சலே வந்து கதவைத் தட்டியது.

மேடம் கூப்பிட்டார். குட்டு உடைந்தது என்று நினைத்துக்கொண்டே மாமா போனார்.

“சார், உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே! நீங்க கேட்டதே பத்தலையே!”

“மேடம்… கொஞ்சம் அழிச்சா…”

“எதுக்கு அழிக்கணும்? இனிமே எல்லாக் கிளைக்கும் கணக்கு நீங்கதான் சொல்றீங்க.”

உண்மை தொண்டைவரை வந்தது. மாமா எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

“மொத்தம் எத்தனை கிளை மேடம்?”