சில்லென்றிருந்த கால்

மாமாவின் கண்ணீர் அஞ்சலி பேனர் கதையை நம் வீட்டு விசேஷங்களில் யாராவது சொல்லாமல் விடுவதில்லை. பிள்ளைகளே, நீங்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். மாமாவே சொல்லிச் சிரிக்கும்போது நீங்கள் சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கதையில் ஒரு பகுதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் மனம் நோகக்கூடாது என்றுதான் விடுகிறார்கள். அதை நானே எழுதிவிடுகிறேன்.

கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் உங்கள் மாமா சாய்ந்தார். ஆம்புலன்ஸில் போகும்போதே நெஞ்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அழுத்தி, ஷாக் கொடுத்து, திரும்ப ஓட வைத்தார்கள். ஆனால் கண் திறக்கவில்லை. சாயந்தரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். மூளை கெட்டுப்போகாமல் இருக்க ஏதோ செய்யப்போவதாகச் சொன்னார். தொடை, ரத்தம், குழாய், டிகிரி என்று வார்த்தைகள் காதில் விழுந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி சார், சரி சார்" என்று தலையாட்டினேன். படித்தவர் முன்னால் புரியவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம்.

வெளியே வந்ததும் உங்கள் அம்மா, "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நல்லா பாத்துக்கிறாங்களாம்" என்றேன். பக்கத்தில் உங்கள் அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே பதில்தான்.

மறுநாள் காலையில் ஒரே ஒருத்தரை உள்ளே விட்டார்கள். நான் போனேன். மாமா வாயில் குழாய். மெஷின் மூச்சு விட, அதற்கேற்ப நெஞ்சு ஏறி இறங்கியது. போர்வைக்கு வெளியே கால் தெரிந்தது. தொட்டேன். சில்லென்று இருந்தது. கையைத் தொட்டேன், அதுவும் அப்படியே. ஆள் போன பிறகும் மெஷினை ஓடவிட்டு வைத்திருப்பார்கள் என்று டீக்கடையில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். அதுதான் நினைவுக்கு வந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸுப் பெண் நின்றிருந்தது. அதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாவிடமும் அத்தையிடமும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர்கள் கண்ணில் படாமல் பக்கத்துப் படி வழியாக இறங்கி, வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, சுத்துக்கேணியில் இருந்த உங்கள் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மச்சான் போயிட்டாருடா. உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சி."

 அவன், "பந்தலுக்குச் சொல்லிடட்டா அண்ணா?" என்றான்.

"சொல்லு."

"பொண்ணு பரீட்சைக்குக் கெளம்பி பஸ்ஸுக்கு நிக்குது. அத இன்னா பண்றது?"

மாமாவின் பெண்ணுக்கு அன்று பிளஸ் டூ பரீட்சை. எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி அந்தப் பெண், அப்பாவைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டபோது, படி என்று சொன்னதே நான்தான். இப்போது என் வாயில் வந்தது வேறு.

"வூட்டுக்குக் கூட்டினு வந்துடு. அப்பன் மூஞ்சிய விட பரீட்சை பெருசா?"

போனை வைத்தேன். பெண்களிடம் சொல்வதற்கு முன் எத்தனை மணிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று தெரிந்துகொள்ளலாமே என்று மறுபடி மேலே போனேன். உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் போனேன். அதில் நேரம் போய்விட்டது. அந்த நர்ஸிடம், "பாடி எப்பம்மா குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"எந்த பாடி?"

மாமாவைக் காட்டினேன்.

"ஐயோ, இன்னா ஐயா நீங்க! அவரு உயிரோடதான் கீறாரு. நாங்கதான் குளிர வெச்சிருக்கோம். நேத்தே டாக்டர் உங்ககிட்ட சொல்லல?"

அந்த நர்ஸே எனக்கு விளக்கிச் சொன்னது. தொடை வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிசான குழாய் போட்டிருக்கிறது. அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பைகள். அந்தப் பைகளுக்குள் மெஷினிலிருந்து சில்லென்ற தண்ணீர் போய் வந்துகொண்டிருக்கும். ரத்தம் அந்தப் பைகளை உரசிக்கொண்டு போகும்போது குளிர்ந்துவிடும். தண்ணீர் ரத்தத்தில் ஒரு சொட்டும் கலக்காது. நாளைக்கு அதே குழாயில் தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உடம்பைப் பழையபடி கொண்டுவருவார்கள்.

நான் பால் சொசைட்டியில் வேலை செய்கிறவன். தினமும் கறந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, கெடாமல் இருக்கக் குளிர வைக்கிறவன். தொட்டியின் சுவருக்குள் ஓடிக் குளிர வைப்பது பாலில் கலக்காது என்று உங்களுக்குக்கூடக் காட்டியிருக்கிறேன். டாக்டரிடம் ஒரு முறை, "புரியல சார்" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கியிருக்கும்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "உயிரோட கீறாருடா!"

"யண்ணா, பேனரே கட்டியாச்சி!"

"கழட்டுடா மொதல்ல! பொண்ண பரீட்சைக்கு இட்னு போ!"

"கேட்டு மூடியிருப்பாங்கண்ணா" என்றான். ஆனாலும் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஓடினான். மூடித்தான் இருந்தது. அந்தப் பெண் யூனிஃபார்மோடு கேட்டுக்கு வெளியே நின்று, அப்பா பிழைத்துவிட்டார் என்று சிரித்ததாம், அழுததாம். சித்தப்பா சொன்னதுதான்.

மாமாவைச் சூடேற்றிய பிறகும் சட்டென்று கண் திறக்கவில்லை. எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லோடு போயிடுச்சா?" மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அத்தை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து பேனரைப் பார்த்துவிட்டு மாமா, "இன்னா மாப்ளே, கல்யாணத்துல கூட எனுக்கு இவ்ளோ பெரிய போட்டோ வெக்கல நீங்க" என்றார். தூக்கிப் போட விடவில்லை. மாட்டுக் கொட்டகைக்கு மேலே போட்டுவிட்டார். மழை பெய்தால் ஒழுகுவதில்லையாம்.

அந்தப் பெண் விட்ட பரீட்சையைத் துணைத் தேர்வில் எழுதிப் பாஸ் செய்தாள். அதற்குள் நர்ஸிங் சேர்க்கை முடிந்துபோயிருந்தது. கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போக, அவள் ஒரு வருஷம் சேதராப்பட்டுக் கம்பெனிக்கு ஷிப்ட் போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வருஷம் சேர்ப்பதற்கு நான்தான் கூடப் போனேன். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:

"மாமா, நீ அப்பா கால தொட்டுப் பாத்தப்ப நர்ஸு பக்கத்துல இருந்தாங்களா?"

"இருந்தாங்கம்மா."

அவ்வளவுதான்.  வில்லியனூர் வரும்வரை நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டே இருந்தேன்.

பேனர் கதை ஆரம்பித்தால் நான் எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விடுவது இதனால்தான். உங்களுக்கும் பரீட்சை வரும். அன்றைக்கு நான் போனில் யாரைப் பற்றி எதைச் சொன்னாலும், என்னைப் பற்றியே யாராவது எதைச் சொன்னாலும், எழுதி முடித்துவிட்டு வாருங்கள். வந்த பிறகும் நர்ஸிடம் ஒரு முறை கேட்டுவிட்டு அழுங்கள்.